அம்மா பட்டமளிப்புக்கு நான் வாங்கின பழைய யூனிஃபார்ம்

கோஜேவுல இருக்குற மாமாவுக்கு, ச்சோங்ஜு மார்க்கெட்டுல இருந்து நாரே பணிவா எழுதிக்கறது.

மாமா, அம்மா ஹைஸ்கூல் முடிச்சுட்டாங்க, பிப்ரவரி ஏழாம் தேதி மத்தியானம் மேடையேறி சர்டிஃபிகேட் வாங்கப்போறாங்க, இது பரம ரகசியம், மார்க்கெட்டுல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருச்சு.

நீங்களும் மாமியும் நல்லா இருக்கீங்களா, உங்க முட்டி வலி எப்படி இருக்கு, அந்தப் பக்கம் காத்து எப்படி. இங்க எல்லாரும் நலம். குளிருதான் ஜாஸ்தி, கடைக்குப் பின்னாடி குழாய் உறைஞ்சு அப்பா கொதிதண்ணி ஊத்தி ஊத்தி இப்ப குழாயே இல்ல. லெட்டர்னா இதெல்லாம் முதல்ல விசாரிக்கணும்னு நெட்ல பாத்தேன். குரூப்புல போட்டிருக்கலாமேன்னு நெனப்பீங்க. அந்தக் குரூப்புல அம்மாவும் இருக்காங்க. அதோட நீங்க என்ன போட்டாலும் படிக்காமயே கட்டைவிரல் போடறீங்க, போன மாசம் அம்மாவுக்குக் கடவாப்பல்லு புடுங்கினதுக்கும் கட்டைவிரல்தான் போட்டீங்க. அதான் பேப்பர்ல எழுதறேன். எனக்குக் கையால எழுதி ரொம்ப நாளாச்சு, எழுத்து ஒரு மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷமா அம்மா சாயங்காலம் ஆனா யோகா கிளாஸுக்குப் போறாங்கல்ல, அது யோகா இல்ல, பெரியவங்களுக்கான பள்ளிக்கூடம். இத்தன நாள் யோகா பண்ணியும் குனிஞ்சு செருப்பு மாட்ட வரலியேன்னு அப்பாவுக்கு மட்டும் லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு. எனக்குத் தெரியும், ஏன்னா ஆன்லைன்ல அட்மிஷன் போட்டதே நான்தான். மார்க்கெட்டுக்கு ஏன் மறைச்சாங்கன்னா, பதினோரு வருஷம் முன்னாடி இங்க பொரியல் கடை போட்ட மொத நாளே பக்கத்து மீன் அடைக் கடை ஜொங்னிம் ஆன்ட்டி எட்டிப் பாத்து, "பேச்சுல மாசான் வாடை அடிக்குதே, எந்த ஸ்கூலு நீ? நான் ஹேயோன் பொண்ணுங்க ஸ்கூலு"ன்னு கேட்டிருக்காங்க, அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டே "நானும்"னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான் மாமா. வயசக் கேட்டா ஒரே வயசு, அதனால ஒரே பேட்ச்சுன்னு வேற ஆயிப்போச்சு. அதுக்கப்புறம் கடை அடைக்கற நேரமானா ரெண்டு பேரும் கவுத்துப் போட்ட பக்கெட்டு மேல உக்காந்து பள்ளிக்கூடக் கதைதான். மதில் ஏறிக் குதிச்சு பன்னு வாங்கப் போனது, "ஆந்தை"ன்னு ஒரு கணக்கு வாத்தியாரு, அவரு சாக்பீஸ எறிஞ்சா குறி தப்பாதது, எல்லாம். அட்மிஷன் போட்ட அன்னிக்கு நானே கேட்டேன், "அப்ப ஆந்தை வாத்தியாரும்மா?" "அது ஜொங்னிமோட வாத்தியாரு. நான் சும்மா ஆமா போட்டேன்"னாங்க.

சரி, பரிசு. அம்மாவுக்குப் புதுசா எதுவும் வாங்கித் தர முடியாது, உங்களுக்கே தெரியும். போன பொறந்த நாளுக்கு நான் குடுத்த ஸ்கார்ஃப கடையில திருப்பிக் குடுத்துட்டு அந்தக் காசுக்குப் பூண்டு வாங்கிட்டு வந்தாங்க, அந்தப் பூண்ட உரிச்சதும் நான்தான். ஆனா பழைய சாமானுக்கு பில் கெடையாது மாமா, திருப்பி எடுத்துக்கவும் ஆளு கெடையாது. இத யோசிச்சப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. என் பேஜ்ல "பில் இல்லாத பரிசு"ன்னு ஒரு தொடரே ஓடிட்டிருக்கு, பாத்திருக்க மாட்டீங்க. நர்ஸிங் முடிச்ச ஃப்ரெண்டுக்குப் பழைய சூட்கேஸுக்குக் காலு வெச்சு மருந்து அலமாரி பண்ணிக் குடுத்தேன். டீச்சர் டிரெயினிங் முடிச்சவளுக்கு மூடிப்போன ஒரு கிராமத்து ஸ்கூலோட கைமணி. அவ அத அடிச்சா வீட்டு நாய் சாப்பாட்டுத் தட்டுகிட்ட போய் உக்காருதாம். இவ்வளவு அனுபவம் இருக்கறவ சொந்த அம்மாவுக்கு சும்மா விடுவேனா.

மொதல்ல ஒரு கோப்பை கெடச்சுது. எதிர் அபார்ட்மென்ட் குப்பை பிரிக்கற இடத்துல, வட்டார பேட்மிண்டன் கலப்பு இரட்டையர் மூணாவது பரிசு. தகட்ட புடுங்கிட்டு அம்மா பேர போட்டு "ஓக்பூன், முதலிடம்"னு புதுத் தகடு ஒட்டினேன். உச்சியில நிக்கற பொம்பள பொம்மை கையில இருந்த பேட்ட அறுத்துட்டு களிமண்ல ஒரு புஸ்தகம் செஞ்சு வெச்சேன். காஞ்சதும் பாத்தா டோஃபு கட்டியத் தூக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. பொரியல் கடைக்குப் பொருத்தம்தான், ஆனா பட்டமளிப்புக்கு ஒட்டல.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு, அங்கதான் வினையும் வந்துச்சு. அம்மா போகணும்னு ஆசப்பட்டு போக முடியாத அந்த ஹேயோன் ஸ்கூலோட பழைய யூனிஃபார்ம் ஒண்ணு தேடிப் புடிச்சு, அத மாட்டிக்கிட்டு மேடையேறினா எப்படி இருக்கும்னு நெனச்சேன். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் காலர், பழைய படத்துல வர்ற மாதிரி. பழைய சாமான் வாங்கி விக்கற ஏரியா ஆப்புல ஒரு விளம்பரம் போட்டேன், "மாசான் ஹேயோன் பொண்ணுங்க ஸ்கூல் பழைய யூனிஃபார்ம் தேவை, அம்மாவோட ஹைஸ்கூல் பட்டமளிப்புக்கு". போட்டுட்டுத் தூங்கிட்டேன். அந்த ஆப்பு நம்ம ஏரியாக்காரங்களுக்குத்தான் முதல்ல காட்டும்னு எனக்குத் தெரியாதா, தெரியும். என் ப்ரொஃபைல் படம் அம்மா கடை போர்டுன்னு தெரியாதா, அதுவும் தெரியும், கிம்ச்சி டப்பா விக்கறப்போ நானே வெச்ச படம். ரெண்டையும் சேத்துப் பாக்கத்தான் தெரியல.

ஒருத்தர்கிட்ட யூனிஃபார்ம் கெடச்சுது. பழைய காலத்து டிரெஸ் மாட்டி போட்டோ புடிக்கற ஸ்டுடியோ நடத்தி மூடினவராம், மருந்துக்கடை வாசல்ல ஹெல்மெட்டக் கூட கழட்டாம கவர நீட்டினார். "எந்த ஸ்கூல்னு தெரியாது, எல்லா ஸ்கூலும் இதேதான்"ன்னார். மாத்திப் போட ரெண்டு வெள்ளைக் காலர் சும்மா குடுத்தார். சந்தோஷமா கடைக்கு வந்தா, ஜொங்னிம் ஆன்ட்டி ஏற்கனவே கல்லா முன்னாடி போன்ல என் விளம்பரத்த நீட்டிக்கிட்டு நிக்கறாங்க.

"ஏண்டி ஓக்பூன், உனக்குப் பட்டமளிப்பாமே? நீ என்கூடத்தான முடிச்சே?"

கடையில ரெண்டு பேரு கீரை வாங்க நின்னுட்டிருந்தாங்க. அம்மா தாமரைத் தண்டு வதக்கிட்டிருந்தாங்க, திரும்பவே இல்ல. நான் பூந்து, "ஆன்ட்டி, அது தப்பா டைப் பண்ணிட்டேன், பழைய ஞாபகத்துக்கு ஒரு போட்டோ எடுக்கலாம்னு"ன்னு உளறிட்டு, பேச்ச மாத்த கவரப் பிரிச்சு யூனிஃபார்மக் காட்டினேன். என் வாழ்க்கையிலயே நான் பண்ணின பெரிய தப்பு அது மாமா. ஆன்ட்டி அத வாங்கி நெஞ்சுல வெச்சுப் பாத்தாங்க, கண்ணு தண்ணி கோத்துருச்சு.

"இதேதாண்டி. இதே காலரு, இதே பட்டன். மூணு வருஷம் இதத்தான் தோச்சுத் தோச்சுப் போட்டேன். மார்ல ஆந்தை எறிஞ்ச சாக்பீஸ் தடம் கூட இருந்துச்சு."

கீரை வாங்க வந்த அக்கா கூட "அடடா"ன்னாங்க. அம்மா அடுப்பச் சின்னதா வெச்சுட்டு, சாதாரணமா, உப்பு கம்மியா இருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க:

"நம்ம வருஷத்துல யூனிஃபார்மே கெடையாதேடி. அதுக்கு முந்தின வருஷமே எடுத்துட்டாங்களே. எல்லாரும் ஜீன்ஸ் ஜாக்கெட்டும் வெள்ளை ஷூவும் போட்டுட்டுப் போவாங்க. நான் தெனம் ஃபேக்டரி பஸ்ஸுல இருந்து பாத்திருக்கேன்."

அப்புறம்தான் என்ன சொல்லிட்டோம்னு அம்மாவுக்கே உறைச்சுது. ஜொங்னிம் ஆன்ட்டி யூனிஃபார்ம மெதுவா கீழ வெச்சாங்க.

"ஃபேக்டரி பஸ்ஸா?"

"செருப்பு ஃபேக்டரி பஸ்ஸு."

"அப்ப நீ படிக்கல."

"நீ யூனிஃபார்ம் போட்டியே, நீயும்தான் படிக்கல."

"அப்ப ஆந்தை?"

"ஆந்தை உன் வாத்தியாருடி. நீதான சொன்னே."

"நான் எங்க சொன்னேன்? கண்ணு உருண்டையா ஒரு வாத்தியாரு இருந்தாரான்னு நீ கேட்டே, நான் ஆமான்னேன். பேரு வெச்சது நீ."

"கேட்டது நீ."

இப்படியே கொஞ்ச நேரம் அந்த இல்லாத மனுஷன ஒருத்தர் தலையில ஒருத்தர் கட்டப் பாத்தாங்க. யாரும் வாங்கிக்கல. அப்புறம் ஆன்ட்டி அவங்க கடைக்குப் போய் குழம்பு அடுப்ப அணைச்சுட்டு ஷட்டர இறக்கிட்டாங்க. மறுநாளும் தொறக்கல. அதுக்கடுத்த நாளும் தொறக்கல. பக்கத்துல அந்த மீன் குழம்பு ஆவி இல்லாம எங்க கடைக்கும் கூட்டம் கொறைஞ்சு போச்சு. அம்மா ராத்திரி சோறு போடறப்போ, "சர்டிஃபிகேட்ட போஸ்ட்ல அனுப்பச் சொல்லி போன் பண்ணிடு, நான் போகல"ன்னாங்க.

"ஏம்மா? ரெண்டு வருஷம் படிச்சுட்டு?"

"பதினோரு வருஷம் அவ என்கூட படிச்சிருக்கா. நாலு பேரு முன்னாடி அவ வாய அடைச்சுட்டு நான் மட்டும் போய் மேடையில நிக்கவா? போட்டோல சிரிப்பு வராது."

அப்பா ஏதோ சொல்ல வாயத் தொறந்தார். அம்மா அவர் தட்டுல இன்னொரு கரண்டி சோத்தப் போட்டாங்க, அவரு மூடிக்கிட்டார். போஸ்ட்ல வர்ற சர்டிஃபிகேட்ட அம்மா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும், கரண்ட் பில்லோட சேத்து ட்ராயர்ல போட்டுடுவாங்க. அதோட முடிஞ்சுது. இதெல்லாம் நான் போட்ட ஒரு விளம்பரத்தால. அந்த யூனிஃபார்மப் பாக்கவே புடிக்காம, திரும்ப ஆப்புல விக்கப் போட்டுட்டேன்.

மறுநாள் காலையில மெசேஜ் வந்துச்சு. "கொதிக்கும் குழம்பு"ன்னு ஒரு பேரு. "வணக்கம். பொருள் இன்னும் இருக்கிறதா? சற்று குறைத்துத் தர இயலுமா? மருந்துக்கடை வாசலில் சந்திக்கலாமா?" எழுத்துல அவ்வளவு மரியாதை. போய்ப் பாத்தா மாஸ்க், தொப்பி, கம்பளிக் கையுறை, எல்லாம் மாட்டிக்கிட்டு ஜொங்னிம் ஆன்ட்டி. நம்ம கடைக்கும் அவங்க கடைக்கும் நடுவுல ஒரு தார்ப்பாய்தான் மாமா. அத விட்டுட்டு ரெண்டு பேரும் ரோட்டத் தாண்டி மருந்துக்கடைக்கு வந்திருக்கோம்.

"பழைய யூனிஃபார்ம் விக்கறது நீங்கதானா?"ன்னாங்க.

"ஆமா ஆன்ட்டி."

"ஆன்ட்டின்னு கூப்பிடாத. இங்க நான் வாங்க வந்தவ." அப்புறம் கோட்ட விரிச்சு, தையலப் பாத்து, இடுப்புல வெச்சுப் பாத்துட்டு, "பத்தாது"ன்னாங்க.

"அளவு போட்டிருந்தேனே."

"எண்பத்து நாலாம் வருஷம்னா பத்தியிருக்கும்." கோட்ட மடிச்சாங்க. "உங்கம்மா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாங்க. ஆனா பட்டமளிப்புக்குப் போகலன்னு சொல்றாங்க. நீங்க கடையே தொறக்கலன்னு."

"அவ மேல எனக்குக் கோவம்னு நெனச்சாளா?" மாஸ்க்க இறக்கிட்டு மூக்க உறிஞ்சினாங்க. "அந்த ஆந்தைய நெனச்சுத்தான் படுத்துட்டேன். இத்தன வருஷம் அந்த ஆளுகிட்ட அடி வாங்கினேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே கை வலிக்கும். இப்ப அப்படி ஒருத்தரு இல்லவே இல்லன்னா, வீட்டுல துக்கம் விழுந்த மாதிரி இருக்கு. யாருகிட்ட போய் சொல்ல?" ரோட்டுல போன ஒரு பஸ்ஸக் காட்டினாங்க. "அவளாவது பஸ்ஸுல இருந்து பாத்தா. நாங்க மில் ஹாஸ்டல்ல இருந்து இருட்டுல போய் இருட்டுல வருவோம். என்னது, ஜீன்ஸ் ஜாக்கெட்டா போட்டாங்களாம்?"

"ஆமா. வெள்ளை ஷூவும்."

"காலரு?"

"ஜீன்ஸ் காலர்தான் இருக்கும்."

"அது என்ன காலரு. வெள்ளைக் காலர் இருந்தாத்தான் படிச்ச மாதிரி இருக்கும்"னு சொல்லிட்டு யூனிஃபார்ம என் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் ஆப்புல ரிவ்யூ வந்துச்சு. "பொருள் சின்னது. விற்க வந்த பெண் பரவாயில்லை."

மாமா, அவங்க திரும்பினதுமே வழி தெரிஞ்ச சந்தோஷத்துல நான் கத்தியிருப்பேன், மருந்துக்கடைக்காரர் பாத்துட்டிருந்தார்னு விட்டேன். நேரா பழைய துணி குமிச்சு வெச்சு விக்கற இடத்துக்கு ஓடினேன். ரெண்டு ஜீன்ஸ் ஜாக்கெட் கெடச்சுது, ஒண்ணுல முழங்கையில மட்டும் பெயிண்ட் கறை. யூனிஃபார்ம்ல இருந்து பட்டன எல்லாம் வெட்டி ஜாக்கெட்டுல மாத்தித் தெச்சேன், ஓசியில வந்த ரெண்டு வெள்ளைக் காலரையும் தோச்சு, கஞ்சி போட்டு, ஜாக்கெட்டுக்கு ஒண்ணா தெச்சேன். கறுப்புத் துணிய வெட்டி பாக்கெட்டுக்கு மூடி பண்ணினேன். எங்க ஊசி ரெண்டு உடைஞ்சுது, என் விரலு ஒண்ணு பாக்கற மாதிரி இல்ல. அம்மா பஸ்ஸுல இருந்து பாத்ததும் அதுல இருக்கு, ஜொங்னிம் ஆன்ட்டி பாக்காம மனசுல வெச்சிருந்ததும் அதுல இருக்கு. ஹேயோன் ஸ்கூல்ல எந்த வருஷமும் யாரும் போடாத யூனிஃபார்ம், உலகத்துலயே ரெண்டுதான் இருக்கு.

ஒண்ண ஆன்ட்டி கடை ஷட்டர்ல மாட்டிட்டு வந்தேன். இன்னொண்ண அம்மாகிட்ட குடுத்தேன். அம்மா தையலத் திருப்பிப் பாத்தாங்க.

"எவ்வளவு?"

"பழசும்மா. திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

"காலர் கோணலா இருக்கு."

"கழட்டித் தெக்கவா?"

"வேணாம், விடு."

அப்ப தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் ஷட்டர் தூக்கற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல குழம்பு வாசனை வந்துச்சு. அப்புறம் தார்ப்பாய விலக்கிட்டு ஜொங்னிம் ஆன்ட்டி, ஜாக்கெட்டு மேல ஏப்ரன் கட்டிக்கிட்டு, தலைய மட்டும் நீட்டினாங்க.

"ஏய் ஓக்பூன். நீ போற அந்த ஸ்கூல்ல நெசமாவே கணக்கு வாத்தியாரு உண்டா?"

"உண்டு. பொம்பள. நம்மள விடச் சின்னவ."

"எறிவாளா?"

"எறிய மாட்டா. திரும்பத் திரும்பச் சொல்லித் தருவா, அதுதான் தாங்காது."

"மார்ச்சுல சேக்கறாங்களா?"

"மொதல்ல ஏழாம் தேதி வந்து பாரு. அப்புறம் சேரு." இத சொல்லிட்டு அம்மா என்னப் பாத்து, "நாளைக்கு முடி வெட்டிக்கணும், கடையப் பாத்துக்கோ"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. போஸ்ட்டப் பத்தி அப்புறம் யாரும் பேசல.

அதனால மாமா, நீங்க கண்டிப்பா வரணும். அன்னிக்குக் காலையில பக்கத்து எலிமென்டரி ஸ்கூல்லயும் பட்டமளிப்பு, போட்டோ எடுத்து முடிச்சதும் எல்லா அம்மாக்களும் பூங்கொத்த ஆப்புல விக்கப் போட்டுடுவாங்க, ரெண்டு கொத்துக்கு இப்பவே சொல்லி வெச்சுட்டேன், அதனால பூ வாங்க வேணாம். நல்ல கோட்டு சூட்டுல வாங்க. நம்ம குடும்பத்துலயே ஹைஸ்கூல் முடிச்ச பெரியவர் நீங்க ஒருத்தர்தான், அந்த முறையில மேடைக்குக் கீழ அம்மா பக்கத்துல நின்னு நாலு வார்த்தை பேசணும், "என் தங்கச்சி என் வழியில வந்துட்டா"ன்னு ஏதாவது, நான் வீடியோ எடுத்து பேஜ்ல போடறேன். முடிஞ்சதும் எல்லாருமா போய் பட்டமளிப்பு அன்னிக்கு எல்லாரும் சாப்பிடற கறுப்பு நூடுல்ஸ் சாப்பிடலாம், ஜொங்னிம் ஆன்ட்டி வாங்கித் தர்றாங்களாம்.

மாமிக்கு என் அன்பச் சொல்லுங்க. வர்ற வருஷம் பூரா உங்களுக்கு முட்டியும் பல்லும் மூச்சும் நல்லா இருக்கணும், வீட்டுல குழாய் உறையாம இருக்கணும்னு மனசார வேண்டிக்கறேன்.

இப்படிக்கு, உங்க தங்கச்சி மக,
நாரே

பி.கு.: மாமா, ஒரு நிமிஷம். கவர ஒட்டறதுக்குள்ள அம்மா இத வாங்கிப் படிச்சுட்டாங்க. எழுத்துப் பிழைய எல்லாம் திருத்தினாங்க, இப்ப அதெல்லாம் தெரியுது அவங்களுக்கு. "ஹைஸ்கூல் முடிச்ச பெரியவர்"ங்கற இடத்துல வந்து பேனா நின்னுடுச்சு.

"உங்க மாமா முடிக்கல"ன்னாங்க.

அம்மா வேலைக்குச் சேந்த வருஷம் ஃபேக்டரியில ஒரு நாள் மெஷின் நின்னு போய் லீவு விட்டாங்களாம். உங்களுக்குன்னு முட்டை அவிச்சு எடுத்துக்கிட்டு ஜின்ஜுவுக்கு பஸ் ஏறி உங்க ஸ்கூல் கேட்டுக்குப் போனாங்களாம். அந்தப் பையன் வசந்த காலத்துலயே படிப்ப நிறுத்திட்டான், கோஜேவுல கப்பல் கட்டற வேலைக்குப் போயிட்டான்னு வாட்ச்மேன் சொன்னாராம். திரும்பி வர்ற பஸ்ஸுல அத்தன முட்டையையும் அம்மாவே சாப்பிட்டாங்களாம்.

"ஏம்மா இத்தன வருஷமா மாமாகிட்ட கேக்கல?"ன்னேன்.

"கேட்டா அண்ணன் பாவம், அவரும் எங்கள மாதிரி ஒரு வாத்தியார உண்டாக்கணும்"னாங்க.

அதனால மேல எழுதினதெல்லாம் மாத்திக்கோங்க. கோட்டு சூட்டு வேணாம், பேச்சு வேணாம், வீடியோவும் நான் எடுக்கல. மாமிக்கு இத சத்தமா படிச்சுக் காட்டிட்டு இருந்தீங்கன்னா இத்தோட நிறுத்திக்கோங்க, இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். உங்க பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு ஸ்கூல் இருக்கு, பாத்துட்டேன், ஒரே பஸ்ஸு, இந்த மாசக் கடைசி வரைக்கும் அட்மிஷன். ஆன்லைன்ல நானே போட்டுத் தர்றேன், உங்க பொறந்த தேதியும் ஜாக்கெட்டுக்கு மார்பளவும் மட்டும் எழுதி அனுப்புங்க.

வர்றதுக்கு அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. ஏழாம் தேதி நீங்க முட்டை அவிச்சு எடுத்துட்டு வரணுமாம், ஜொங்னிம் ஆன்ட்டிக்கும் சேத்து. வர்றீங்களா இல்லியான்னு உடனே பதில் போடுங்க.